மண்ணுக்குள் போடும் முதல்
வீடு, கடை கட்டும் வணிகர்கள் தூண் கடைக்காலில் கவனிக்க வேண்டியவை

வணிகர்களாகிய நாம் சரக்கு வாங்குவதில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. அரிசி மூட்டை வந்தால் குத்தூசி விட்டுப் பார்க்கிறோம். பருப்பைக் கையில் அள்ளி ஊதிப் பார்க்கிறோம். எடையில் கால் கிலோ குறைந்தாலும் கேட்காமல் விடுவதில்லை. ஆனால் வாழ்நாளில் நாம் போடும் மிகப் பெரிய முதலீடான வீட்டின் கடைக்காலை மட்டும், பூமி பூஜை முடிந்த கையோடு மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பிவிடுகிறோம். மார்பிள் எந்த நிறம், கதவு எந்த மரம் என்று பார்க்கப் பல முறை அலைகிறோம். தூணின் அடியில் என்ன போட்டார்கள் என்பதைப் பார்ப்பவர் நம்மில் சிலரே.

கதவு பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். தரை பிடிக்கவில்லை என்றால் பெயர்க்கலாம். மண் மூடிய கடைக்காலை மறுபடி திறந்து பார்க்க முடியாது. அதைச் சரிபார்க்க நமக்குக் கிடைப்பது குழி திறந்திருக்கும் அந்தச் சில நாட்கள்தான். அந்த நாட்களில் வீட்டுக்காரர் என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். பொறியாளரின் வேலையை நாம் செய்யப் போவதில்லை. வந்த சரக்கு சரியா என்று பார்க்கும் வேலை மட்டுமே நம்முடையது.

ஆட்டுப்பட்டி சொல்லும் பாடம்

2024 ஜனவரியில் நம் புதுச்சேரி ஆட்டுப்பட்டியில் நடந்ததை நாம் மறக்க முடியாது. உப்பனாறு வாய்க்காலை ஒட்டிப் புதிதாகக் கட்டப்பட்ட மாடி வீடு, புதுமனை புகுவிழாவுக்குச் சில நாட்களே இருந்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே விழுந்தது. குடி வராத வீடு என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. வாய்க்காலுக்குப் பக்கச்சுவர் கட்டும் பணிக்காக அருகே மண் தோண்டப்பட்டிருந்த சமயம் அது.

பொறுப்பு யாருடையது என்பது இங்கே நம் பேச்சு அல்ல. ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் சில நொடிகளில் மண்ணானது என்பதும், விழுந்தது பழைய வீடு அல்ல, புத்தம் புதிய கான்கிரீட் வீடு என்பதுமே நாம் மனதில் கொள்ள வேண்டியவை. தூண் நிற்பது கான்கிரீட்டின் பலத்தால் மட்டும் அல்ல. அடியிலும் பக்கத்திலும் உள்ள மண்ணின் தயவாலும்தான் அது நிற்கிறது. அந்த மண் நகர்ந்தால் தூணும் நகரும்.

உலகப் புகழ் பெற்ற பைசா கோபுரமும் இதற்குச் சாட்சி. 1173-இல் கட்டத் தொடங்கிய அந்தக் கோபுரம் கட்டும்போதே சாயத் தொடங்கிவிட்டது. அடியில் இருந்த இளகிய களிமண்ணே காரணம். எண்ணூறு ஆண்டுகள் கழித்து, ஒரு பக்கத்து அடிமண்ணைச் சிறிது சிறிதாக எடுத்துச் சாய்வைக் குறைத்த பிறகே 2001 டிசம்பரில் மீண்டும் மக்களை மேலே விட்டார்கள். அந்தக் கோபுரத்துக்குச் செலவு செய்ய ஒரு அரசாங்கமே இருந்தது. நம் வீட்டுக்கு நாம்தான்.

பழைய வீடு வேறு, புதிய வீடு வேறு

"நம் தாத்தா கட்டிய வீடு நூறு வருஷம் நிற்கிறதே, அவர் மண் பரிசோதனையா செய்தார்?" என்று சில அன்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் உள்ள பழைய வீடுகள் தூணில் நிற்பவை அல்ல. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட தடித்த சுவர்கள், நீளமான கடைக்கால் வழியே பாரத்தை மண் முழுவதும் பரப்பி இறக்குகின்றன. வீடும் பெரும்பாலும் ஒரு மாடியோடு நின்றுவிடும். அந்த வகைக் கட்டடத்துக்கும் பராமரிப்பு வேண்டும் என்பதை, 2014 நவம்பர் 29 அன்று கடற்கரைச் சாலையில் மழையில் இடிந்து விழுந்த பழைய மேரி கட்டடம் நமக்குக் காட்டியது.

இன்றைய வீட்டில் பாரம் முழுவதும் பத்துப் பன்னிரண்டு தூண்களுக்குள் அடங்கிவிடுகிறது. நாற்பது டன் எடையை ஒன்பது அங்குலம், ஒரு அடி அகலமுள்ள ஒரு தூண் கீழே இறக்குகிறது. அந்தத் தூணை நேராக மண்ணில் நிறுத்தினால் ஆணி போல இறங்கிவிடும். அதைத் தடுக்கத் தூணின் காலடியில் போடும் அகலமான கான்கிரீட் பாதமே ஃபுட்டிங். எடையைப் பரப்புவதுதான் அதன் வேலை.

முதலில் மண்ணை அறிவோம்

நம் ஊர் மண் ஒரே மாதிரி இல்லை. கடலை ஒட்டி மணல். லாஸ்பேட்டை, கோரிமேடு, காலாப்பட்டுப் பக்கம் செம்மண் மேடு. தெற்கே அரியாங்குப்பம், பாகூர், மேற்கே வில்லியனூர்ப் பக்கம் ஆற்று வண்டலும் களியும் கலந்து வரும். உப்பளம் என்ற பெயரே அந்த இடத்தின் பழைய கதையைச் சொல்லிவிடும். ஏரி, குளம், குட்டை, வாய்க்கால் என்று பெயரில் இருந்தாலே மனைக்காரர் ஒரு முறைக்கு இரு முறை விசாரிக்க வேண்டும்.

நகருக்குள் இன்னொரு விஷயம் உண்டு. பழைய வீடுகளின் பின்கட்டில் கிணறு இருந்தது. வீடு கைமாறி, இடிக்கப்பட்டு, கிணறும் தூர்க்கப்பட்டிருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தூர்த்த கிணற்றின் மேல் ஒரு தூணின் பாதம் வந்துவிட்டால் மற்றத் தூண்கள் நிற்கும், அது மட்டும் இறங்கும். வீடு முழுவதும் ஒரே அளவாக இறங்கினால்கூடப் பெரிய சேதம் வராது. ஒரு தூண் மட்டும் இறங்கும்போதுதான் பீமும் சுவரும் விரிகின்றன. ஆகவே மனை வாங்கும்போதே பழைய கிணறு, கழிவுத் தொட்டி எங்கே இருந்தன என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டு வரைபடத்தில் குறித்துப் பொறியாளரிடம் கொடுத்துவிட வேண்டும்.

மண் பரிசோதனை என்பது பெரிய வித்தை இல்லை. துளை போட்டு, 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ணுகிறார்கள். அடி அதிகம் வாங்கினால் மண் கெட்டி. சில அடிகளிலேயே இறங்கினால் இளகல். கூடவே நிலத்தடி நீர் எத்தனை அடியில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அந்த அறிக்கையை வைத்துத்தான் ஃபுட்டிங்கின் அளவும் ஆழமும் முடிவாக வேண்டும். பக்கத்து வீட்டுக்கு ஐந்தடி போட்டார்கள், நமக்கும் ஐந்தடி போதும் என்பது கணக்கு அல்ல.

எடைக் கணக்கு நமக்குப் புதிதல்ல

ஒரு தூண் தாங்கும் பரப்பு பத்தடிக்குப் பன்னிரண்டு அடி என்று வைப்போம். சுமார் 11 சதுர மீட்டர். தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும் என்றால் மூன்று தளம். கூரை, பீம், சுவர், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்துத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 1.2 டன் என்று தோராயமாகக் கொண்டால் தூணின் மேல் 40 டன். ஃபுட்டிங்கின் சொந்த எடையையும் சேர்த்தால் 44 டன்.

மண் சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கும் என்று அறிக்கை சொன்னால், நமக்கு வேண்டியது 2.2 சதுர மீட்டர். அதாவது ஐந்தடிக்கு ஐந்தடி பாதம். அதே மண் 10 டன்தான் தாங்கும் என்றால் 4.4 சதுர மீட்டர், ஏழடிக்கு ஏழடி. ஒரே வீடு, ஒரே தூண். மண் மாறியதும் பாதம் இரு மடங்கு ஆகிவிட்டது. களி மண் மேலும் மோசமாக இருந்தால், மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் தன்மை இருந்தால், பொறியாளர் பைல் போடச் சொல்லலாம். அதைச் செலவு இழுக்கிறார் என்று எண்ணக் கூடாது.

நம் போன்றவர்கள் தவறாமல் சொல்ல வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. குடியிருக்கும் அறைக்கு, உள்ளே வரும் ஆட்களும் சாமான்களும் சேர்த்து, சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்துக் கணக்கிடுவது நமது இந்தியத் தரக் கட்டளை வழக்கம். சில்லறைக் கடைக்கு 400 கிலோ. கிடங்குக்கு அதைவிடப் பல மடங்கு. அரிசி மூட்டையை ஆறடி உயரம் அடுக்கினால் சதுர மீட்டருக்கு ஒரு டன்னைத் தாண்டிவிடும் என்பது நமக்குத் தெரியும். வீடு என்று சொல்லி வரைபடம் வாங்கி, பிறகு முதல் மாடியைக் கிடங்காக்கினால், மேலே சொன்ன தூணின் மீது கணக்கில் இல்லாத பத்து டன் கூடுதலாக ஏறும். அந்தப் பத்து டன் ஃபுட்டிங்குக்குத் தெரியாது. கீழே கடை, மேலே சரக்கு, அதற்கு மேல் வீடு என்பது எண்ணமானால் முதல் நாளே பொறியாளரிடம் சொல்லிவிட வேண்டும். பின்னால் இன்னொரு மாடி எடுக்கும் ஆசை இருந்தால் அதையும் இப்போதே சொல்ல வேண்டும். நகர அமைப்புக் குழுமத்தில் அனுமதி வாங்குவதும் இருக்கும் உபயோகத்துக்கே இருக்கட்டும்.

எல்லைச் சுவரை ஒட்டிய தூண்

நகருக்குள் நம் மனைகள் அகலம் குறைந்தவை. இரு பக்கமும் அடுத்தவர் சுவர். எல்லையில் நிற்கும் தூணுக்குப் பாதம் போட்டால் பாதிப் பாதம் அடுத்தவர் மனைக்குள் போக வேண்டும். அது முடியாது என்பதால் சிலர் பாதத்தை உள்பக்கமாக மட்டும் நீட்டித் தூணை அதன் ஓரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். தராசின் ஒரு தட்டில் மட்டும் எடை வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். பாதம் ஒரு பக்கமாக அழுந்தும். இதற்கு முறையான வழி, எல்லைத் தூணையும் உள்தூணையும் ஒரே பாதத்தில் சேர்ப்பது, அல்லது இரண்டு பாதங்களையும் ஒரு கெட்டியான பீமால் இணைப்பது. "எல்லைத் தூணுக்கு என்ன ஏற்பாடு?" என்று பொறியாளரைக் கேளுங்கள்.

அடுத்த வீடு பழைய சுண்ணாம்புச் சுவர் வீடானால் இன்னும் கவனம் வேண்டும். அவர்கள் கடைக்காலுக்குக் கீழே நாம் ஒரே மூச்சில் நீளமாகத் தோண்டினால் அவர்கள் சுவர் நம் குழிக்குள் வரும். சிறு சிறு பகுதியாகத் தோண்டி, முட்டுக் கொடுத்து, போட்டு முடித்த பிறகே அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். தொடங்கும் முன் அந்த வீட்டில் இருக்கும் பழைய விரிசல்களை, அவர்களையும் உடன் வைத்துக்கொண்டு, புகைப்படம் எடுத்து வைப்பது நல்லது. பின்னால் மனத்தாங்கல் வராது.

குழியும் தண்ணீரும்

நம் ஊருக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். அந்தச் சமயம் கடலோரத்தில் நாலடி தோண்டினால் ஊற்று வந்துவிடும். தை பிறந்த பிறகு வேலை தொடங்கி, நீர் மட்டம் இறங்கிய காலத்தில் கடைக்காலை முடிப்பதே நலம். தண்ணீர் வந்தால் மோட்டார் வைத்து இறைத்து, சேற்றைக் கெட்டி மண் வரும் வரை வழித்தெடுக்க வேண்டும். ஆழம் கூடிப்போனால் அள்ளிய மண்ணையே திரும்பப் போட்டு நிரவக் கூடாது. அதைக் கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும். தேங்கிய தண்ணீரில் கலவையைக் கொட்டினால் சிமெண்ட் பால் கழன்று போய் ஜல்லி மட்டும் மிஞ்சும்.

குழியின் அடியில் மூன்று அல்லது நான்கு அங்குலம் சாதாரணக் கான்கிரீட் மெத்தை முதலில் போட வேண்டும். கம்பி மண்ணைத் தொடாமல் இருக்கவும், அளவு குறிக்கவும் இதுதான் தளம். இதைத் தவிர்த்து நேராக மண்ணில் கம்பி வைப்பது பெரும் கேடு.

கம்பிக்கு இரண்டு அங்குலம் இடைவெளி

ஃபுட்டிங்கில் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம் கான்கிரீட் இருக்க வேண்டும். நம் ஊரில் நிலத்தடி நீரில் உப்பு உண்டு. அது கம்பியைத் தொட்டால் துரு ஏறும். துருப் பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். இடைவெளிக்குக் கான்கிரீட்டில் வார்த்த கவர் கட்டையே வைக்க வேண்டும். செங்கல் துண்டு, ஜல்லிக் கல், மரத் துண்டு கூடாது.

தூண் கம்பி பாதத்தின் மேல் நிற்கும் இடம், கோடு பிடித்து மூலைக்கு மூலை அளந்து சரிபார்க்கப்பட வேண்டும். இதைக் கான்கிரீட் போடும் முன் பார்க்காவிட்டால், பிறகு சுவர்க் கோட்டுக்கு வரவில்லை என்று கம்பியை வளைத்து இழுப்பார்கள். நமக்குத் தெரிந்த ஒரு வேலையிலேயே நான்கு தூண்களை அப்படி இழுக்க முனைந்ததைப் பார்த்துப் பொறியாளர் நிறுத்தினார். வளைத்த கம்பி நேராகப் பாரம் இறக்காது.

அளவைத் திருத்தமே கலவை

வலுவூட்டிய கான்கிரீட்டுக்கு எம்-20 என்பதே மிகக் குறைந்த தரம். ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. கடல் காற்றும் உப்பு நீரும் உள்ள இடத்தில் எம்-25, எம்-30 என்று தரம் கூட வேண்டும். அதற்குப் பங்குக் கணக்கு போதாது. பொறியாளர் ஆய்வகத்தில் கலவை வடிவமைத்துத் தருவார்.

ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ, கொள்ளளவில் 35 லிட்டர். ஆகவே 35 லிட்டர் பிடிக்கும் பெட்டி ஒன்று செய்து மணலையும் ஜல்லியையும் அதில் அளப்பதே முறை. பாண்டுக் கணக்கில் ஆளுக்கு ஆள் அளவு மாறும். முத்திரை இல்லாத படியில் நாம் சரக்கு அளப்போமா? ஈர மணல் உப்பி நிற்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. மணலில் உள்ள ஈரமும் அதில் சேர்த்தி. வேலை சுலபமாகட்டும் என்று ஊற்றும் ஒவ்வொரு குடமும் பலத்தைக் குறைக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் பரிசோதிக்க வேண்டும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள நீர் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஆகாது. கடல் மணல் அறவே கூடாது.

சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் கடந்ததைக் கடைக்காலுக்கு எடுக்க வேண்டாம். பலகை மேல், சுவரைத் தொடாமல், பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல், முதலில் வந்ததை முதலில் எடுப்பது என்ற நம் கிடங்கு முறையே இதற்கும் முறை.

மளிகைக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நம் கடையில் சர்க்கரை, வெல்லம், உப்பு வந்த சாக்குகளைக் கட்டட வேலைக்கு அப்படியே அனுப்பிவிட வேண்டாம். அந்தக் காலச் சுண்ணாம்புக் காரையில் வெல்லமும் கடுக்காயும் சேர்த்தார்கள், அது வேறு. சிமெண்டில் சிறிதளவு சர்க்கரை கலந்தாலும் கலவை இறுகாமல் இளகியே கிடக்கும். உப்பு கம்பியைத் தின்னும். மணல் அள்ளவோ ஈரச் சாக்காகப் போர்த்தவோ கொடுப்பதானால் நன்றாக அலசிக் கொடுங்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஐந்தடிக்கு ஐந்தடி, ஒன்றரை அடி கனமுள்ள பாதம் ஏறக்குறைய ஒரு கன மீட்டர். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவைக்கு எட்டு மூட்டை சிமெண்ட் ஆகும். அதையே ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்று நீர்த்தால் ஆறரை மூட்டை. பன்னிரண்டு பாதங்களுக்கும் சேர்த்து மிச்சம் இருபது மூட்டைக்கும் குறைவு. வீட்டின் மொத்தச் செலவில் இது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

போட்ட பிறகு

சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் என்றால் 10 நாள் ஈரம் காயாமல் நீர் விட வேண்டும். கடைக்கால் பள்ளத்துக்குள் இருப்பதால் இதை யாரும் கவனிப்பதில்லை. பிறகு நல்ல மண்ணை அரை அடி, முக்கால் அடி அடுக்காகப் போட்டு, நீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து நிரப்ப வேண்டும். இடித்த கட்டடக் குப்பையைக் கொட்டி மூடக் கூடாது. தூண்களைத் தரை மட்டத்தில் பிளிந்த் பீமால் நாற்புறமும் கட்டிவிட வேண்டும். 2001 செப்டம்பர் 25 அன்று நம் கடலுக்குள் ஏற்பட்ட நில நடுக்கத்தை அன்று இங்கிருந்தவர்கள் உணர்ந்தோம். அப்படிப்பட்ட நேரத்தில் தூண்கள் தனித்தனியே ஆடாமல் சேர்ந்து நிற்க அந்தக் கட்டு உதவும்.

கான்கிரீட் நாளில் உரிமையாளர் பார்க்க வேண்டியவை

1. பொறியாளர் குழியையும் கம்பியையும் பார்த்துக் கையெழுத்திட்டாரா?
2. குழி வறண்டு, சேறின்றி இருக்கிறதா?
3. கம்பியின் கனம், எண்ணிக்கை, இடைவெளி வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா? கவர் கட்டை இருக்கிறதா?
4. அளவுப் பெட்டி, மிக்சர், வைப்ரேட்டர் வந்துவிட்டனவா? வைப்ரேட்டர் ஓடுகிறதா?
5. கலந்த கலவை அரை மணிக்குள் குழிக்குள் போகிறதா? ஐந்தடிக்கு மேல் உயரத்திலிருந்து கொட்டாமல் இறக்குகிறார்களா?
6. ஒரு பாதத்தை நடுவில் நிறுத்தாமல் ஒரே தடவையில் முடிக்கிறார்களா?
7. 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகள் மூன்று எடுத்து வைத்தார்களா? 28-ஆம் நாள் அவற்றை ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்தால் கலவையின் உண்மை தெரிந்துவிடும்.
8. மூடுவதற்கு முன் ஒவ்வொரு குழியையும் அளவு நாடா வைத்துப் புகைப்படம் எடுத்தீர்களா?

இந்த எட்டுக்கும் ஆம் என்று பதில் வந்த பிறகு மண்ணை மூடச் சொல்லுங்கள். ஏதேனும் ஒன்றில் ஐயம் இருந்தால் வேலையை ஒரு நாள் நிறுத்துவதில் நஷ்டம் இல்லை. மிக்சர் வாடகையும் ஆள் கூலியும் ஒரு நாள் போகும், அவ்வளவே. மேஸ்திரியும் கொத்தனாரும் நமக்கு எதிரிகள் அல்ல. சரக்கைப் பார்த்து எடுக்கும் வியாபாரியிடம் மண்டிக்காரர் நல்ல சரக்கையே காட்டுவார். பார்த்துக் கேட்கும் உரிமையாளரிடம் வேலையும் அப்படியே நடக்கும். கடையை அன்று ஒரு நாள் பிள்ளைகளிடமோ கணக்கரிடமோ விட்டுவிட்டு, குடை ஒன்றை எடுத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை குழியோரம் நில்லுங்கள். அந்த ஒரு நாள் வியாபாரம் மறு நாள் வந்துவிடும்.